காலி இடம்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுப்பது ஒரு காலத்தில் சுலபமான காரியம். சிற்றப்பா குடும்பங்கள் மூன்றும் வடக்குச் சித்திரை வீதியில் அடுத்தடுத்துக் குடியிருந்தன. பிறகு ஒன்று தில்லைநகர், ஒன்று உறையூர், ஒன்று பொன்மலை என்று சிதறிப் போயின. இப்போது பொழுது முழுவதும் பஸ்ஸிலேயே போய்விடுகிறது.

கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்குக்கும் இதே கஷ்டந்தான். 1956-இல் ஐ.பி.எம். கம்பெனி முதல் டிஸ்கை வெளியிட்ட நாள்தொட்டு, சுழலும் தட்டின்மேல் ஒரு முனை ஓடி ஓடித்தான் படிக்கிறது. எழுதி அழித்து, எழுதி அழித்து வரும்போது ஒரே கோப்பு பல இடுக்குகளில் துண்டு துண்டாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. முனைக்கு அலைச்சல், நமக்குத் தாமதம். துண்டுகளைச் சேர்த்து வரிசைப்படுத்துவதற்கு டிஃப்ராக்மென்டேஷன் என்று பெயர். விண்டோஸ் 98-இல் வண்ணக் கட்டங்கள் வரிசைக்கு வருவதை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். உலகில் தர்மமே நிலைநாட்டப்படுவது போல ஒரு திருப்தி!

அந்தத் திருப்திக்கு ஒரு நாள் விலை கொடுத்தேன். என் தமக்கை தன் கடைசி வருஷத்தில், எங்கள் அம்மாவைப் பற்றிப் பத்துப் பக்கம் என் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருந்தாள். வேறு பிரதி கிடையாது. ஏதோ நினைவில் அதை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்து, அன்றிரவே டிஸ்கையும் ஒழுங்கு செய்துவிட்டேன்.

மருமான் வந்து பார்த்தான், அவளுடைய பிள்ளை.

“அழிச்சது உடனே போயிடாது, மாமா. இடம் காலின்னு குறிச்சு வெச்சுக்கும்; எழுத்து அங்கேயேதான் கிடக்கும். சும்மா விட்டிருந்தா மீட்டிருக்கலாம். வரிசை பண்ணினபோது வேற கோப்பு அதுமேல குடியேறிடுத்து” என்றான்.

ஏழு பிராகாரம் வகுத்த ஊரில் இருந்துகொண்டு ஒழுங்கைப் பழிப்பேனா? ஆனால் யாருடைய சௌகரியத்துக்கு அந்த ஒழுங்கு என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. டிஸ்கில் அது முனையின் சௌகரியம். இப்போது வரும் எஸ்.எஸ்.டி.யில் ஓடும் முனையே இல்லை. துண்டுகள் எங்கே கிடந்தாலும் அலைச்சல் கிடையாது. அங்கே வரிசைப்படுத்துவதால் லாபம் இல்லை. வீணாகத் திரும்பத் திரும்ப எழுதி அதன் ஆயுள்தான் தேய்கிறது. வீட்டைச் சீர்செய்கிறவர்களும் முதலில் ஒழித்துவிடுவது பாட்டி உட்கார்ந்திருந்த மூலையைத்தான். அது காலி என்று தீர்ப்புச் சொன்னவர்கள் யார்? இடம் தேவைப்பட்டவர்கள்!

மருமான் கோபிக்கவில்லை. “படிச்சதில ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்கோ, மாமா, எழுதிக்கறேன்” என்றான்.

துண்டு துண்டாகத்தான் வந்தது. வந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டான்.