விட்டது ரூ. 40

ஆடி பிறந்தால் ‘தள்ளுபடி’ என்ற சொல்லுக்கு நம் ஊரில் தனிக் களை வந்துவிடும். ஐந்நூறு ரூபாய்ப் புடவையை முந்நூறுக்கு வாங்கியவர் அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போவார். போன ஆடியில் எனக்கும் ஒரு தள்ளுபடி வந்தது. அதை இரண்டு நாள் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

கிரெடிட் கார்டுக் கடன். மதுரையில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையெல்லாம் வாட்ஸப்புக்குப் போன பிறகு, கையில் பணம் புரளாத மாதங்களில் தாளையும் மையையும் கார்டில் வாங்கினேன். கட்ட முடியாமல் நின்ற அன்று பாக்கி 90,000 ரூபாய். மாதம் மூன்றரை சதவீத வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு மேல் தாமதக் கட்டணம். ஒரே வருஷத்தில் அது 1,52,000 ஆயிற்று. அப்போதுதான் அந்த போன். “சார், 65,000 கட்டிருங்க, செட்டில்மென்ட்ல முடிச்சிடலாம். மாசக் கடைசி வரைக்கும்தான் இந்த ஆஃபர்.”

அறுபத்தைந்து, அசலைவிடக் குறைவு. அதுதான் உறுத்தியது. வட்டியில் குறைத்தால் மனசு ஒத்துக்கொள்கிறது. அசலிலேயே கை வைத்தால்?

இந்த உறுத்தலுக்கு வேர் சாத்தூர்ப் பக்கத்தில் அப்பா வைத்திருந்த மளிகைக் கடையில் இருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்பவர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். எங்கள் கடைக்கும் அன்றைக்குத்தான் வரவு. ஒரு சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஓர் அம்மா வந்தார். பாக்கி 140 ரூபாய். பல வாரமாக எங்கள் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தவர். “எவ்வளவும்மா கொண்டாந்திருக்க?” என்றார் அப்பா. “நூறுதான் இருக்கு அண்ணாச்சி.” முந்தானை முடிச்சை அவிழ்த்து வைத்த நோட்டுகளில் வியர்வை ஈரம் இருந்தது. அப்பா கணக்கு நோட்டைப் புரட்டி ‘வரவு 100’ என்று எழுதினார். அதற்குக் கீழே ‘விட்டது 40’. பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு.

அந்த அம்மா போனதும் கேட்டேன், நாற்பது ரூபாயை ஏன் விட்டீர்கள் என்று. “அந்த நாப்பதப் பிடிச்சு வச்சா அவங்க வேற கடைக்குப் போயிருவாங்கடா. வராத பாக்கிய நோட்டுல வச்சிருக்கதுக்கு, வர்ற ஆளக் கடையில வச்சிருக்கலாம்.” மறுநாள் காலையில் அந்த வீட்டுப் பையன் டீத்தூள் வாங்கக் காசோடு வந்து நின்றான்.

கடன் கொடுத்தவர் குறைத்துக்கொள்வதில் இரக்கம் பாதி, கணக்குப் பாதி என்பதை அன்றைக்கே தெரிந்துகொண்டேன். வங்கியும் கணக்குப் பார்த்துத்தான் கூப்பிடுகிறது. ஆனால் அப்பா தொகையை விட்டு ஆளைப் பிடித்துக்கொண்டார். வங்கி தொகையோடு ஆளையும் விட்டுவிடுகிறது. சமரசமாக முடித்த கடன்காரருக்கு அதே வங்கி குறைந்தது 12 மாதமாவது புதுக்கடன் தரக் கூடாது என்பது 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வகுத்த நெறி. சிபில் அறிக்கையில் ‘குளோஸ்டு’ என்று வராது, ‘செட்டில்டு’ என்று வரும். அடுத்து கடன் கொடுக்க வருகிறவர் அதை ‘முழுசாகக் கட்டவில்லை’ என்றுதான் படிப்பார். வருஷங்கள் போனாலும் அந்தச் சொல் அங்கேயே கிடக்கும்.

சட்டத்துக்கு இதில் உறுத்தல் இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 63ஆம் பிரிவிலேயே உதாரணம் தருகிறது: 5,000 ரூபாய் பாக்கிக்கு 2,000 ரூபாயை முழுத் தீர்வாகக் கடன் கொடுத்தவர் ஏற்றுக்கொண்டால், கடன் முழுவதும் தீர்ந்தது. 1938இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. பழைய கடன்களில் நிலுவையில் நின்ற வட்டியைத் தீர்ந்ததாகவே கருதச் சொன்னது. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்றது. வட்டிக்கு ஓர் எல்லை உண்டு, அதற்கு மேல் போவது கடனில் சேராது என்ற நினைப்பு நம் மண்ணில் சட்டமாகவே இருந்திருக்கிறது.

அதனால் அந்த 62,000 ரூபாய் வட்டியும் கட்டணமும் என் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. என்னைப் போல நாலு பேர் கட்டாமல் போவார்கள் என்ற கணக்கு வருஷத்துக்கு 42 சதவீதம் என்ற அந்த வட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இப்படி நினைத்துச் சமாதானம் ஆனபோதே வேறொன்றும் தோன்றியது. அப்படியானால் என் பாக்கியைச் சுமப்பது வங்கி இல்லை. என்னைப் போலவே கஷ்டப்பட்டு, ஆனால் தேதி தவறாமல் கட்டுகிற இன்னொரு கார்டுக்காரர்.

அந்த நினைப்பில்தான் திரும்ப போன் செய்து கேட்டேன். “அசல் 90,000த்தையும் தவணையில கட்டிர்றேன். குளோஸ்டுன்னு போடுவீங்களா?” மறுமுனையில் சின்ன மௌனம். “ஃபுல் அமவுன்ட் கட்டினாத்தான் சார் குளோஸ்டு. தொண்ணூறு கட்டினாலும் செட்டில்டுதான்.” அறுபத்தைந்துக்கும் தொண்ணூறுக்கும் அவர்களிடம் ஒரே சொல். அசலைத் திருப்பிக் கொடுத்தவன் என்பதற்கு அந்த ஏட்டில் கட்டமே கிடையாது.

விஷயத்தைச் சொன்னபோது மனைவி நகையை எடுத்து வைக்கவில்லை. “பேங்க் விட்டுக் குடுத்துரும். உங்க மனசு விட்டுக் குடுக்குமா, அதப் பாருங்க” என்றாள். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டாள்: இந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் கூடாது. நகையை அடகு வைத்தோ, சீட்டைத் தள்ளி எடுத்தோ கட்டினால் கடன் தீராது, ஆள்தான் மாறும். அவள் சொன்னது சரி. 65,000 எங்கிருந்து வரும் என்பதுதான் முதல் கேள்வி. ஏற்கலாமா கூடாதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. இரண்டு தவணைக்கு ஒப்புக்கொண்டு ஒன்றைத் தவறவிட்டால், கட்டியது பழைய பாக்கியில் கழிந்து, தள்ளுபடியும் ரத்தாகிவிடும்.

பழைய கட்டிங் மெஷினை விற்றேன். நாற்பதாயிரம் வந்தது. மீதி கையிருப்பு. மாசக் கடைசி அவசரத்துக்கு மசியாமல், தொகையும் தேதியும் போட்ட கடிதம் வங்கியிடமிருந்து வரும்வரை ஒரு ரூபாய் கட்டவில்லை. வந்த பிறகும் வசூல் பையன் அனுப்பிய ஜீபே நம்பரை விட்டுவிட்டு, கார்டுக் கணக்கிலேயே கட்டினேன். பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் கேட்டு வாங்கினேன். சில மாதம் கழித்து, வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கிற சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ‘செட்டில்டு’.

அவமானமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அப்பாவின் நோட்டும் மறக்கவில்லையே. குறுக்கே கோடு போட்ட பக்கத்திலும் ‘விட்டது 40’ படிக்கிற மாதிரி அப்படியே இருந்தது. அது திட்டு அல்ல, நடந்தது. அந்த அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கும். பின்னால் ஒரு பொங்கலுக்கு அந்த நாற்பதைக் கொண்டுவந்தாரா என்று எனக்கு ஞாபகம் இல்லை. அப்பா கேட்டிருக்க மாட்டார்.

அச்சகத்துக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நானும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். வங்கி விட்டது 87,000. நான் எழுதியிருப்பது ‘விட்டது 25,000’, அசலில் குறைந்தது மட்டும். அதைக் கொடுக்கப் போனால் வாங்கிக்கொள்ள அந்த வங்கியில் ஒரு கவுன்ட்டர் கிடையாது. வட்டி ஏறாத, யாரும் போன் செய்து கேட்காத கடன். இன்னும் குறுக்கே கோடு போடவில்லை.