தண்ணீர்மலையும் மூடா ஆறும்

பினாங்குத் தமிழர்க்குத் தண்ணீர்மலை என்றதும் தைப்பூசமும் முருகன் கோயிலும் நினைவிற்கு வரும். அப்பெயருக்குக் காரணமான அருவியை நினைப்போர் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவ்வருவியின் நீர் கால்வாய் வழியே ஜார்ஜ் டவுனுக்கு வந்தது. தாம் பருகும் நீரின் பிறப்பிடத்தை அக்கால நகரத்தார் தலை நிமிர்ந்து பார்த்தாலே கண்டிருப்பர்.

இன்று நிலைமை வேறு. பினாங்கின் நீரில் எண்பது விழுக்காட்டிற்கும் மேல் மூடா ஆற்றினின்று எடுக்கப்படுகிறது. கெடா மாநிலத்து உலு மூடாக் காடுகளில் ஊறும் நீர், கெடாவின் நெல்வயல்களுக்கும் பயன்பட்டு, சுங்கை டுவாவில் தூய்மை பெற்று, கடலடிக் குழாய்களின் வழியே தீவை அடைகிறது. ஆயர் ஈத்தாம், தெலுக் பகாங் அணைகள் இதற்குத் துணை நிற்பனவே. காணாத காட்டிற்கு நன்றி பாராட்டுவது மனித இயல்பிற்கு எளிதன்று.

"கட்டணம் செலுத்துகிறோம், எவ்வளவு பயன்படுத்தினால் என்ன?" என்பது பலர் வாதம். இவ்வாதம் சட்டப்படி சரியாகலாம், அறத்தின்படி ஆகுமா? கட்டணம் என்பது நீரை இறைத்ததற்கும் வடித்ததற்கும் குழாய் பதித்ததற்கும் உரிய கூலியாகும். மழைக்கும் காட்டிற்கும் எவரும் விலை கொடுத்ததில்லை. பினாங்கில் நெடுங்காலம் நீர்க் கட்டணம் நாட்டிலேயே மிகக் குறைவு; ஒருவர் நாளொன்றுக்குச் செலவிட்ட நீரோ நாட்டிலேயே மிகுதி. இதனாலேயே 2010ஆம் ஆண்டில், மாதம் 35,000 லிட்டரைக் கடந்த வீட்டுப் பயன்பாட்டிற்குக் கூடுதல் கட்டணம் விதிக்கப்பட்டது. ஆயினும் வசதியுள்ளவன் அதனையும் செலுத்திவிட்டு மகிழுந்தைக் கழுவிக்கொண்டிருப்பான்.

சட்டம் மட்டும் போதாது என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. ஊரார் ஒன்றுகூடி ஏரியைத் தூர் வாரிக் கரை செப்பனிட்ட வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. அவ்வழக்கம் தளரவே, ஆங்கில அரசு 1858ஆம் ஆண்டில் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றியது. பழைய வழக்கம் அதனால் உயிர் பெறவில்லை. ஏரியின் ஆளுகை அரசின் கைக்குப் போனபின், உழைப்பை மட்டும் ஊராரிடம் கேட்டால் மனம் ஒப்புமா?

மூல நீருக்குக் கெடா அரசு கட்டணம் கேட்பதும், ஆறு தன் எல்லையிலும் ஓடுகிறதெனப் பினாங்கு மறுப்பதும் பல்லாண்டு வழக்காகும். எவர் பக்கம் நீதி என்பதை நீதிமன்றம் கூறட்டும். எனினும், கீழே பருகுபவன் மேலே காடு காப்பவனுக்கு யாதும் கடன்படவில்லை என்பது ஏற்கத்தக்கதன்று. மரத்தை வெட்டினால் உடனே வருவாய் கிட்டும்; வெட்டாது விட்டால் பயன் அண்டை மாநிலத்தார்க்கும் சேரும். அவ்வாறாயின், வெட்டாமையின் சுமையை ஒருவரே சுமப்பது எங்ஙனம்?

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கின்றன. முன்பின் அறியாதவன் தாகத்தையும் தம் பொறுப்பாகக் கொள்பவர் இவ்வூரில் இல்லாமற் போகவில்லை. அப்பந்தலில் வழங்கும் நீரிலும் பெரும்பகுதி கெடாவின் காட்டிலிருந்தே வருகிறது.