பின்னால் நிற்கிற வீடு

கல்யாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் படம் எடுக்கிற பொடியள் கிளிநொச்சியில் இப்போது கனபேர். அவர்களில் சிலர் என்னிடம் வந்து கேட்பது அநேகமாக ஒரே கேள்வி: "அண்ணை, கையில காசு கனக்க இல்லை. பழைய ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸ் ஒண்டு, நல்ல குணமுள்ளதா, எதை வாங்கலாம்?" ரேஞ்ச்ஃபைண்டர் கமராக்களுக்காக அந்தக் காலத்தில் செய்யப்பட்ட, திருகி மாட்டுகிற லென்ஸ்களைத்தான் கேட்கிறார்கள். ஒருசிலரிடம் வெளிநாட்டு மாமா அனுப்பிய பழைய சோவியத் பெட் கமராவே இருக்கிறது. மற்றவர்கள் ஒரு வளையத்தைப் போட்டு டிஜிற்றல் கமராவில் மாட்டுகிறார்கள். பதில் சொல்ல வாயெடுத்தால், இந்த ஊரில் ஒரு மனிதரை எங்கே நின்று, எப்படிப் பார்ப்பது என்ற பெரிய கேள்வி குறுக்கே வந்துவிடுகிறது.

காசைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360ஐ எட்டியது. நூறு டொலர் லென்ஸ் இரண்டு மாதத்தில் இருபதாயிரத்திலிருந்து முப்பத்தாறாயிரத்துக்குப் போனது. அதன்பின் ரூபாய் கொஞ்சம் நிமிர்ந்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே விலை கூடிய லெய்கா கமராவின் சொந்த லென்ஸ்களை நாங்கள் பேச்சில் எடுக்கத் தேவையில்லை. எங்களுக்கு எட்டுவது சோவியத் நாட்டு ஜூபிட்டர்-8, இண்டஸ்டார்-61. இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஜப்பானின் கெனன் 50/1.8.

இந்த லென்ஸ்கள் வந்த வழியைப் பொடியள் யாரும் கேட்பதில்லை. நான் கேட்காமலே சொல்லுவேன். ஜூபிட்டர்-8இன் மூதாதை, சைஸ் நிறுவனத்துக்காக லுட்விக் பெர்ட்டலே வடிவமைத்து 1932இல் கொன்டாக்ஸ் கமராவோடு வெளிவந்த சொன்னார். அப்போது கண்ணாடிக்கு மேற்பூச்சு இல்லை. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் ஒரு பங்கு தெறித்து, உள்ளுக்குள் அலைந்து, படத்தை வெளிறச் செய்யும். பெர்ட்டலே ஆறு கண்ணாடிகளை மூன்று கட்டாக ஒட்டி, காற்றைத் தொடும் பரப்புகளை ஆறு என்ற அளவில் நிறுத்தினார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சைஸின் இயந்திரங்களையும் கண்ணாடியையும் சோவியத் அரசு போர் இழப்பீடாகக் கொண்டுபோனது. மொஸ்கோவுக்கு அருகே கிராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலையில் சொன்னார் மறுபிறவி எடுத்து ஜூபிட்டர் ஆனது.

இண்டஸ்டார்-61இன் கதை எனக்கு இன்னும் கிட்டியது. அதைச் செய்த பெட் தொழிற்சாலை உக்ரைனின் கார்கிவ் நகரில், 1927இல் தொடங்கிய ஒரு பிள்ளைகள் இல்லத்திலிருந்து வளர்ந்தது. புரட்சியிலும் உள்நாட்டுப் போரிலும் வீடில்லாமல் தெருவில் நின்ற பிள்ளைகளை அங்கே சேர்த்து, படிப்போடு தொழிலும் கற்பித்தவர் கல்வியாளர் அந்தோன் மக்காரென்கோ. அந்தப் பிள்ளைகள்தான் 1934இல் லெய்காவைப் பார்த்துப் பார்த்து பெட் கமராவைத் தொடர்ந்து செய்யத் தொடங்கினார்கள். கமராவுக்கு வைத்த பெயர் சோவியத் இரகசியப் பொலிஸை நிறுவிய பெலிக்ஸ் எட்முன்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகள். இல்லத்துக்கும் அவர் பெயர்தான். போரில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளின் இல்லங்கள் எப்படி இருக்கும் என்று வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே கார்கிவ் மீது 2022 முதல் மறுபடியும் குண்டு விழுகிறது. மலிவு லென்ஸ் என்று நாங்கள் கையில் எடுப்பவற்றில் பல, பிறர் போர்களின் வழியாக எங்களிடம் வந்தவை. ஜப்பான் லென்ஸ்களின் பெயர் உலகத்துக்குத் தெரியவந்ததும் அப்படியே. 1950இல் கொரியப் போரைப் படமெடுத்த டேவிட் டக்ளஸ் டங்கன், தன் லெய்காவில் நிக்கோர் லென்ஸை மாட்டிக்கொண்டு போனார்.

பெட் போன்ற இந்தப் பழைய கமராக்களில் எனக்குப் பிடித்த இன்னொன்று, அவற்றுக்குப் பற்றறி வேண்டாம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் வரக்கூடாத பொருட்களில் பற்றறியும் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். விரலால் வலித்து, விரலால் அழுத்தினால் வேலை செய்கிற ஒரு பொருளின் மதிப்பு எங்களுக்குத் தெரியும்.

இனிக் குணம். ஜூபிட்டர்-8ஐ முழுக்கத் திறந்து, எஃப் 2இல் வைத்து ஒரு முகத்தை எடுத்தால், கண்ணிமை கூர்மையாக நிற்கும். அதன்மேல் மெல்லிய ஒளிப்புகை படர்ந்திருக்கும். பின்னால் உள்ளதெல்லாம் கரைந்து நிறமாகிவிடும். லென்ஸின் ஓரத்தால் வரும் கதிர்களும் நடுவால் வரும் கதிர்களும் ஒரே புள்ளியில் கூடாத குறைதான் அந்தப் புகைக்குக் காரணம். பொடியள் விலை கொடுத்து வாங்க விரும்புவது இந்தக் குறையை. அழகானதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பின்னணியைக் கரைப்பது என்பது இங்கே இலேசான காரியம் இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். இறுதிப் போரில், 2009 ஜனவரியில் கிளிநொச்சி வீழ்ந்தது. சனம் கிழக்கு நோக்கி, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்து நகர்ந்து, மே மாதத்தில் வெறுங்கையோடு வெளியே வந்தது. பெட்டி போனது, அல்பமும் போனது. ஒருசில வீடுகளில் மட்டும் ஒன்றிரண்டு படங்கள் தப்பின. பொலித்தீனில் சுற்றி மடியில் கட்டியவை, அல்லது முன்பே கனடாவுக்குக் கடிதத்தோடு அனுப்பி இப்போது பிரதியாகத் திரும்பி வந்தவை. அப்படியான படத்தை ஒரு வீட்டில் என்னிடம் காட்டும்போது கவனித்திருக்கிறேன். முகத்தை ஒருமுறை தொட்டுக் காட்டுவார்கள். பிறகு விரல் முகத்தை விட்டு விலகி ஓரத்துக்குப் போகும். "இந்தா, பின்னால நிக்கிறது எங்கட பழைய வீடு. இது கிடுகு வேலி. இந்த மாமரத்தை அப்பா வைச்சது." பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் நிற்கும் பிள்ளைக்காக எடுத்த படம் அது. எடுத்த ஸ்ரூடியோக்காரர் வீட்டையும் வேலியையும் நினைத்தே பார்த்திருக்க மாட்டார். சாதாரண லென்ஸ், துவாரத்தைச் சுருக்கி வைத்து, பிளாஷ் அடித்து எடுத்திருக்கிறார். அதனால் வீடு தப்பியது. எஃப் 2இல் எடுத்திருந்தால் அந்த வீட்டுக்கு இன்று ஒரு சாட்சியும் இல்லை.

இப்போது நாங்கள் எடுக்கிற படங்களும் இன்னொரு முப்பது வருடத்தில் அப்படித்தான் பார்க்கப்படும். தகரக் கொட்டில் போய் வீட்டுத்திட்ட வீடு வந்தது, அதன் முன்னால் மதில் எழும்புகிறது, வயல் நடுவே தொலைபேசிக் கோபுரம் நிற்கிறது. இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டுகூட நான் சின்னதில் பார்த்தபடி இல்லை. மாறிக்கொண்டே இருக்கிற இடத்தில் பின்னணிதான் திகதி.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதில் இருந்த தாய்மார் கையில் ஆளுக்கொரு பிள்ளையின் படம். அவர்களில் ஒருவரை நான் எடுக்கப் போனபோது அவர் சொன்னார்: "தம்பி, என்ர முகம் எப்பிடி வந்தாலும் பரவாயில்லை. இவன்ர முகம் தெளிவா விழவேணும்." படத்தை நெஞ்சுக்கு முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார். அவர் முகத்துக்கும் படத்துக்கும் இடையில் ஒரு சாண் தூரம்.

கணக்கைப் பாருங்கள். ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸை எஃப் 2இல் திறந்து ஒரு மீற்றரில் குவித்தால், தெளிவாக விழும் ஆழம் ஐந்து சென்ரிமீற்றர் அளவுதான். மகன் தெரிவான், தாய் கரைவார். அல்லது தாய் தெரிவார், மகன் இரண்டாம் முறையும் காணாமல் போவான். எஃப் 8க்குச் சுருக்கினால் ஆழம் இருபது சென்ரிமீற்றர், அதுவும் மட்டுமட்டு. அரை மீற்றர் பின்னால் வந்து எஃப் 8இல் எடுத்தால் நாற்பதைத் தாண்டும். தாயும் மகனும் சேர்ந்து தெளிவாக விழுவார்கள், பின்னால் கோயில் மதிலையும் அடையாளம் காணலாம். நான் பின்னால் வந்தேன். ஜூபிட்டர் போன்ற லென்ஸ்கள் ஒரு மீற்றருக்குக் கிட்டக் குவியாது. அதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். துயரத்தில் இருக்கும் ஒருவரின் மூச்சுப் படும் தூரத்துக்குள் கண்ணாடியைக் கொண்டுபோக விடாத அந்த மறியலை நான் நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன்.

அதனால் என் பதில் சந்தையின் பதிலுக்கு எதிர்ப்பக்கம். லென்ஸைத் திறந்த நிலையில் பார்த்து வாங்காதே, சுருக்கிய நிலையில் பார்த்து வாங்கு. எஃப் 8இல் எல்லா லென்ஸும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். கூர்மையில் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒளியை வாங்குகிற விதத்தில் இல்லை. வன்னியின் பன்னிரண்டு மணி வெயிலில், நந்திக்கடல் கரையின் வெளிர்மணலில், தொப்பி போட்ட ஒரு மீன்பிடிகாரரை இன்றைய லென்ஸால் எடுத்தால் தொப்பிக்குக் கீழே கறுப்புக் குழி. பழைய ஒற்றைப் பூச்சு லென்ஸுக்குள் கொஞ்சம் ஒளி அலைந்து நிழலைத் தூக்கிவிடும். எங்கள் கறுத்த தோலின் மடிப்புகளும் கண்ணும் படத்தில் மிஞ்சும். எனக்கு வேண்டிய குணம் இதுதான். ஜூபிட்டரில் அது தாராளமாக இருக்கிறது. கெனன் இன்னும் கட்டுக்கோப்பானது. இண்டஸ்டார்-61 நாலே கண்ணாடி கொண்ட எளிய லென்ஸ், எஃப் 2.8க்கு மேல் திறக்காது, ஆனால் லந்தனம் கலந்த கண்ணாடியால் நல்ல கூர்மை.

சோவியத் லென்ஸை லெய்கா வகைக் கமராவில் மாட்டினால், இரண்டும் வெவ்வேறு அளவுகோலில் செய்யப்பட்டவை என்பதால், கிட்ட எடுக்கும்போது குவியம் கொஞ்சம் தவறும். எஃப் 8இல் அது பெரும்பாலும் மறைந்துவிடும். டிஜிற்றல் கமராவில் திரையைப் பார்த்துக் குவிப்பவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை.

வாங்கும்போது பார்க்கவேண்டியது ஒன்று மிக முக்கியம்: பங்கசு. மாரியில் எங்கள் வீடுகளுக்குள் ஈரம் ஏறும்போது கண்ணாடியில் வெள்ளை வேர் ஓடும். மேற்பூச்சை அரித்துவிட்டதென்றால் துடைத்தாலும் போகாது. துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்பக்கத்தால் ரோச் லைற் அடித்து, முன்பக்கத்தால் சரித்துப் பார்க்க வேண்டும். சோவியத் லென்ஸ்களில் பழைய கிறீஸ் நம் வெயிலுக்கு இளகி, துவாரத் தகடுகளில் எண்ணெயாகப் படியும். கெனன் 50/1.8இல் உள்ளே பனிபோல மங்கல் படிவது தெரிந்த வருத்தம். முன்கண்ணாடியில் ஒரு சின்னக் கீறலைப் பற்றி நான் கவலைப்படமாட்டேன்.

கடைசியாக வந்த பொடியன் இதெல்லாம் கேட்டுவிட்டு ஒரு நியாயம் சொன்னான். "அண்ணை, நீங்கள் சொல்லுறது சரி. ஆனால் கல்யாண மண்டபத்தில பின்னால என்ன இருக்கு? பிளாஸ்ரிக் கதிரைதானே. அதைக் காட்டி என்ன?" அந்தக் கதிரைகளில் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். பொம்பிளையின் அம்மம்மா, ஜேர்மனியிலிருந்து பதினைந்து வருடத்துக்குப் பிறகு வரும் சித்தப்பா, பக்கத்துக் காணிச் சனம் என்று அவனே எண்ணத் தொடங்கினான். முழுக்க என் பக்கம் அவன் வரவில்லை. வரத் தேவையும் இல்லை, மணமகளின் முகத்தில் அந்த ஒளிப்புகையைப் பார்க்க ஆசைப்படுவதில் பிழை என்ன? ஐம்பதுகளில் செய்த ஜூபிட்டர்-8 ஒன்றை, கண்ணாடி சுத்தமாக இருந்தால் எடுப்பது என்று முடிவாயிற்று. கல்யாணம் ஆவணியில். எஃப் 2இலும் எஃப் 8இலும் எடுத்து, இரண்டையும் பொம்பிளை வீட்டாரிடம் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். அதற்குள் லென்ஸ் தபாலில் வந்துசேர வேண்டும்.