தன்னிறைவும் கடனும்

மனிதனொருவன் தனக்கு வேண்டுவனவற்றைத் தானே தேடிக்கொண்டு, பிறர் கையை எதிர்பாராது வாழ்தல் கூடுமா, கூடுமாயின் அஃது அறமாகுமா என்னும் வினா மிகப் பழையது. ஆயினும் அண்மைக் காலத்திலே அது நம்மவர் பலருடைய உள்ளத்தில் மீண்டும் எழுந்துள்ளது. 2021 ஆம் ஆண்டிலே இரசாயன உர இறக்குமதி சடுதியாகத் தடைசெய்யப்பட்டுச் சில மாதங்களின்பின் அத்தடை நீக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டிலே இலங்கையின் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரையும் மின்சாரம் நிறுத்தப்பட்டது. எரிபொருளுக்கு மக்கள் இரவும் பகலும் வரிசையில் நின்றனர். இவற்றைக் கண்டோருட் சிலர், மின்கம்பியும் வேண்டா, சந்தையும் வேண்டா, ஒரு துண்டு நிலமும் ஒரு கிணறும் சில சூரிய மின்தகடுகளும் இருந்தால் ஒருவருக்கும் கடன்படாது வாழலாம் என்று எண்ணத் தலைப்பட்டனர். அவ்வெண்ணத்தின் முற்பகுதி நன்றே. ஒருவருக்கும் கடன்படாது என்னும் பிற்பகுதியே ஈண்டு ஆராயற்பாலது.

முதலில் அத்தகைய இல்வாழ்க்கை கற்பிக்கும் நன்மையைக் கூறுவாம். அஃது அளவறிதல் என்க. மின்கம்பியாற் பிணைக்கப்பட்ட வீட்டிலுள்ளார் விசையைத் தட்டுவதன்றி, எவ்வளவு வேண்டும் என்று ஒருபோதும் தம்மைக் கேட்டறியார். சூரிய ஒளியை நம்பிய வீட்டிலுள்ளாரோ நாள்தோறும் அவ்வினாவைக் கேட்டே ஆகல் வேண்டும். ஈயப் பற்றறியைப் பாதியளவுக்குக் கீழே அடிக்கடி இறங்கவிடின் அது விரைவிற் கெடும். ஐப்பசி கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும் நாட்களில், குளிர்சாதனப் பெட்டியா விளக்கா எனத் தெரிந்துகொள்ள நேரிடும். இவ்வாறு தெரிந்துகொள்ளப் பழகியவன், தேவை இது, ஆசை இது எனப் பகுத்தறிவான். பள்ளிக்கூடத்திலே பலகாலும் சொல்லியும் மாணாக்கர் நெஞ்சிற் பதியாத இப்பாடத்தை ஒரு பற்றறி ஒரு மாதத்திற் பதித்துவிடும்.

இனி, அளவறிந்தவன் கடனற்றவனாவானோ எனின், ஆகான். என்னை? அவன் வளவிலுள்ள பனையை நோக்குக. ஒடியலும் பனங்கட்டியும் பனாட்டும் ஓலையும் தருகின்ற அம்மரம் வடலியாய் நின்று வளர்ந்து பயன்தரப் பல ஆண்டுகள் செல்லும். ஆதலின், இன்று நாம் உண்பது முன்னொருவர் நட்டதன் பயனேயாம். நாம் நடுவதன் பயனைப் பெரும்பாலும் பின்னொருவரே உண்பர்.

கிணற்றின் நிலையோ இதனினும் தெளிவானது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லினூடு கீழிறங்கி, உவர்நீரின்மேல் நன்னீர்ப் படலமாய் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்தின் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரையும் நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் ஆராய்ந்தோர் கண்ட கணக்கு. ஆகவே, மேலே ஓரடி நீர் நிலையாகக் குறையுமாயின், கீழே 40 அடி அளவுக்கு உவர் ஏறுதற்கு இடமுண்டாம். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனுடைய உடற்களைப்பே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு அவ்வெல்லை இல்லை. சூரிய ஒளியால் இயங்கும் இயந்திரமாயின் எரிபொருட் செலவென்னும் தடைதானும் இல்லை. வேலி நிலத்தைப் பிரிக்குமன்றி நீரைப் பிரியாது. ஒருவன் மிகுதியாக இறைத்தால் அயலான் கிணறு உவராகும். ஒருவன் அளவின்றி இட்ட உரம் அயலான் குழந்தை குடிக்கும் நீரில் நைத்திரேற்றாய்ச் சேரும். மின்கம்பியை அறுத்துக்கொள்ளலாம்; இப்பிணைப்பை அறுத்தல் யாராலும் இயலாது.

இவ்வுண்மையை மறையாது கணக்கெழுதினார் ஒருவர் அமெரிக்க நாட்டிலே இருந்தார். அவர் ஹென்றி டேவிட் தோரோ என்பவர். 1845 ஆம் ஆண்டு யூலை 4 ஆந் திகதி முதல் 1847 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 6 ஆந் திகதி வரையும், கொன்கோட் என்னும் ஊரின் அயலேயுள்ள வால்டன் குளக்கரையிலே தாமே கட்டிய சிறுவீட்டில் அவர் தனித்து வாழ்ந்தார். 15 அடி நீளமும் 10 அடி அகலமுமான அவ்வீட்டுக்குச் சென்ற செலவு 28 டொலர் 12½ சதம். அவர் ஊருக்குள் அடிக்கடி போய்வந்தமையைக் காட்டி, இதுவோ தனித்து வாழ்தல் என நகைப்பாரும் உளர். நகைத்தற்கு இடமில்லை. வீடு நின்ற நிலம் நண்பர் எமேர்சனுடையது என்பதும், மரந்தறித்த கோடரி இரவல் வாங்கியது என்பதும் மறைக்கப்பட்டன அல்ல. 1854 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலிலே, அக்கோடரியை வாங்கியபோதிருந்ததினும் கூரியதாக்கித் திருப்பிக் கொடுத்ததாக அவர் கூறுகின்றார். கடன்படாமையை அவர் பெருமையாகக் கொள்ளவில்லை. கடனறிந்து திருப்புதலையே கொண்டார்.

நம் முன்னோர் இவ்வாறே தத்தம் வளவிலே ஒருவரையும் எதிர்பாராது வாழ்ந்தனர் எனப் பெருமை பேசுவார் நம்முள்ளும் பலர். குழை தாழ்த்து நிலத்தைப் பேணியதும், பங்குக் கிணற்றிலே முறைவைத்து இறைத்ததும் போற்றத்தக்கனவே. ஆயின் அப்பெருமையை முழுதும் சொல்லல் வேண்டும். பெரிய வளவுகளிலே துலா மிதித்தவர் யாவர்? வேலி அடைத்தவர் யாவர்? அவருட் பலர் சாதியின் பெயரால் அக்கிணற்றில் அள்ளும் உரிமை மறுக்கப்பட்டு, பிறர் அள்ளி வார்க்கும் வரையும் குடத்தோடு காத்து நின்றவரல்லரோ? பலருழைப்பால் நிறைந்த வீட்டைத் தன்னால் நிறைந்த வீடு என்பது கணக்கிலே ஒரு பக்கத்தை மறைத்தலாகும்.

அற்றேல், 1990 ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்டபின், குடாநாட்டார் மின்சாரமின்றிப் பல ஆண்டு வாழ்ந்தனரே, அஃதன்றோ தன்னிறைவு எனின், அன்று. பற்றறியும் எரிபொருளும் உரமும் தடைசெய்யப்பட்ட அக்காலத்திலே, யாம் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டேம். யாம்போத்தலிற் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு விளக்கேற்றினேம். நம்மவருடைய கூர்மதிக்கு அவை சான்று. ஆயினும் தடையை ஒருபோதும் புகழ்தல் தகாது. மருந்தின்றி இறந்தவருக்கு அது தவமன்று. தானே விரும்பிக் குறைத்துக்கொள்ளுதல் ஒன்று. பிறன் பறித்தலாற் குறைதல் வேறு. முன்னது அறம், பின்னது துன்பம். செல்வமுடையோர் எளிமையைப் போற்றுங்கால் இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும். அன்றியும், அந்நாட்களில் மக்களைக் காத்தது தனித்தனி வீட்டின் நிறைவன்று. ஒரு விளக்கைச் சுற்றி நால்வீட்டுப் பிள்ளைகள் இருந்து படித்தமையேயாம்.

ஆதலின் யாம் துணிவது இது: தன்னிறைவு என்பது கடனின்மையன்று, கடனைக் கண்ணாற் காணுமளவுக்கு வாழ்வைச் சுருக்கிக்கொள்ளுதலேயாம். பெரிய சந்தையிலே யார் உழைப்பை உண்கின்றோம் என்பது தெரியாது. சிறிய வளவிலே அது தெரியும். தெரிந்தபின் செய்யாதிருத்தற்குச் சாட்டில்லை. இத்தகைய வாழ்வை மேற்கொள்ள விழைவோர் கூரைநீரைத் தெருவில் ஓடவிடாது நிலத்துக்கே திருப்புக. வேண்டுமளவே இறைக்க. விதையைப் பகிர்க. பழுதான பற்றறியைக் குப்பையில் எறியாது ஈயத்தை மீட்போரிடம் சேர்ப்பிக்க. தாம் உண்ணாத பனைக்கு இன்றே கொட்டை ஊன்றுக. கோடையில் அயலார் குடத்தோடு வரின் யார் எவரென வினவாது படலையைத் திறந்துவிடுக. இவற்றைச் செய்யாதவன் மின்கம்பியை அறுத்தானேயன்றித் தன்னிறைவு பெற்றானல்லன்.