நிலையாமையின் சௌகரியம்

நாலடியார் 'செல்வம் நிலையாமை' என்ற அதிகாரத்தோடு தொடங்குகிறது. சமண முனிவர்கள் அதைச் சொன்னதற்கு ஒரு நோக்கம் இருந்தது: கையில் இருக்கும்போதே கொடு. நம்மிடம் அந்த நோக்கம் உதிர்ந்து, சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 2008ல் உலகப் பணக்காரர் பட்டியலில் ஆறாவது இடத்தில் இருந்த அனில் அம்பானியின் சொத்து நிகர மதிப்பு பூஜ்யம் என்று 2020ல் லண்டன் கோர்ட்டில் அவர் தரப்பு சொன்னபோது, சக்கரம் என்றால் சுழலத்தான் செய்யும் என்று தலையாட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டோம். யாருடைய பணம், யார் கடன் கொடுத்தது, எதை நம்பி என்பதெல்லாம் அந்தத் தலையாட்டலில் அமுங்கிவிட்டது.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் இந்தத் தலையாட்டலுக்குப் பழக்கம் அதிகம். வடபாதிமங்கலம், குன்னியூர், பூண்டி, கபிஸ்தலம், நெடும்பலம் என்று ஊரின் பெயரைச் சொன்னாலே ஒரு குடும்பத்தைச் சொன்னதாக இருந்த காலம் ஒன்று உண்டு. மிராசு என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது. வாரிசாகக் கிடைத்தது என்று பொருள். வந்ததற்கு உரிமை என்றும் போனதற்கு விதி என்றும் பெயர் வைத்துக்கொண்டார்கள். இன்றும் ஒரு பழைய வீட்டைக் காட்டி, 'எப்படி இருந்த குடும்பம்!' என்று பெருமூச்சு விடுகிறவர்களைப் பார்க்கலாம். அந்தப் பெருமூச்சில் தேக்குத் தூண் இருக்கிறது, பத்தாயம் இருக்கிறது, வில்வண்டி இருக்கிறது. பத்தாயத்தில் நெல்லைக் கொட்டியவன் இல்லை. (நம் நாவல்களிலும் பெரும்பாலும் இல்லை என்பது வேறு விஷயம்.)

வாஸ்தவத்தில் இந்தச் சக்கரம் தானாகச் சுழலவில்லை. கர்நாடகத்திலிருந்து வந்த பி. சீனிவாச ராவ் 1943லிருந்து சேரிகளில் தங்கிச் சங்கம் கட்டினார்; மணலி கந்தசாமி கட்டினார். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனைகளாக இருந்த பண்ணைகளில் ஆட்கள் நிமிர்ந்து பேசினார்கள். 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955லும் 56லும் குத்தகைச் சட்டங்கள், 1961ல் உச்சவரம்பு. ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது சட்டம். 1970ல் அது 15 ஆயிற்று. இதில் லக்ஷ்மியின் சஞ்சல புத்திக்கு வேலை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. நிலத்தில் ஒரு பகுதி டிரஸ்டுகளிலும் பினாமிப் பெயர்களிலும் ஒதுங்கியது ஊரறிந்த கதை. விற்ற நிலம் பட்டணத்தில் வீடாகவும் பிள்ளைகளின் படிப்பாகவும் உருமாறியது. அழிந்ததாக நாம் துக்கம் கொண்டாடியதில் பாதி, இடம் மாறியதுதான்.

இந்தத் தத்துவத்தின் உண்மையான சோதனை கீழ்வெண்மணியில் நடந்தது. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட தகராறின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1970ல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் மிராசுதார்கள் சிலருக்குத் தண்டனை விதித்தது. 1973ல் சென்னை ஹைகோர்ட் அவர்களை விடுவித்தது. ஏராளமான நிலம் உள்ள பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது தீர்ப்பில் கண்ட காரணங்களில் ஒன்று. செல்வம் மாயை, நீர்க்குமிழி, இன்றிருந்து நாளை போவது என்று நூற்றாண்டுகளாகப் பாடம் கேட்ட சமூகத்தில், சாட்சிக் கூண்டில் ஏறியதும் அந்தக் குமிழிக்கு எத்தனை கனம் வந்துவிடுகிறது! அது ஒருவனுடைய குணத்துக்கே சான்றாகிவிடுகிறது. சொத்து வேறு, மனிதன் வேறு என்று சொல்லவந்த ஒரு தத்துவம், அப்படிச் சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் வாயை மூடிக்கொண்டது.

அவர்கள் கொடுக்கவில்லையா என்று கேட்பார்கள். கொடுத்தார்கள். தேர் ஓடியது, சங்கீதம் வளர்ந்தது. பூண்டியில் 1956ல் ஒரு கல்லூரியே எழுந்தது. இதைச் சிறுமைப்படுத்துவது என் எண்ணமில்லை. ஆனால் கொடை என்னுடையதிலிருந்து நான் எடுத்துத் தருவது. கூலி அப்படியல்ல, அது என் பத்தாயத்தில் கிடக்கும்போதே அவனுடையது. கல்லூரிக்கு நிலம் கொடுக்க முடிகிற ஒரு வர்க்கத்தால் அரைப்படியைக் கொடுக்க முடியாமல் போனதற்குக் கஞ்சத்தனம் காரணமாக இருக்க முடியாது. அரைப்படியைத் தந்தால், அது முன்பே தரவேண்டியதாயிருந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கல்லூரி அந்த மாதிரி எதையும் ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை.

வெண்மணிக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் வேலை செய்த கிருஷ்ணம்மாள், ஜகந்நாதன் தம்பதியர் 1981ல் உழுபவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். மிராசுதார்களிடம் பேசி, வங்கிக் கடனோடு நிலம் வாங்கி, நிலமற்ற குடும்பங்களின் பெண்கள் பெயரில் ஒவ்வொரு ஏக்கராகப் பதிவு செய்து கொடுத்தார்கள். இதைக் கேலி செய்ய என்னால் முடியாது. பெயரில் ஒரு ஏக்கர் உள்ள பெண் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. இருந்தாலும் கணக்கைப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. விற்றவருக்கு விலை கிடைத்தது. வாங்கியவளுக்கு, அவளுடைய பாட்டனும் அப்பனும் உழுது பழக்கிய அதே மண்ணோடு, கடன் தவணையும் சேர்ந்து வந்தது. பத்திரத்தில் சர்வே எண் இருக்கிறது, நான்கு எல்லையும் இருக்கிறது, விலையும் இருக்கிறது. பழைய கூலி பாக்கியை அந்த விலையில் கழித்திருக்க வேண்டாமா என்று பதிவு ஆபீசில் யாரும் கேட்டதில்லை.