பதகளிப்பும் மருந்தும்

மருந்து செய்யும் நன்மையும் அது விளைக்குந் தீமையும் ஒருவனுடைய உடம்பிலேயே நிகழ்வன. ஆயினும் அவற்றை நிறுத்துப் பார்ப்பவர் பெரும்பாலும் அயலவராயிருத்தல் வியப்பேயாம். பதகளிப்பு நோயால் வருந்துவோரை நோக்கி, "மனத்தைத் திடப்படுத்தும், குளிசை எதற்கு?" என்பார் பலர். யாமும் ஒருகால் அவ்வாறு கூறியதுண்டு. நம்மோடு கற்பித்த ஆசிரியரொருவர், வகுப்பறை வாயிலை அணுகுந்தோறும் நெஞ்சு படபடத்து உள்ளங்கை வியர்த்து நின்றனர். வைத்தியர் கொடுத்த குளிசையை உட்கொள்ளலாமோ என நம்மை வினவினர். யாம் பொறுமையை உபதேசித்தோம். மூன்று மாதம் பொறுத்திருந்து, அவர் உத்தியோகத்தை விட்டு நீங்கினர். அப்பொறுமைக்கு விலை கொடுத்தவர் அவர், யாமல்லேம்.

மருந்தாலாகுந் தீங்கு பொய்யென்பது நங் கருத்தன்று. 1960 ஆம் ஆண்டிலே லிப்ரியமும் 1963 இல் வேலியமும் வழக்கிற்கு வந்தன. முன்னிருந்த பார்பிட்டுரேட்டு மருந்துகள் அளவு மிஞ்சின் எளிதில் உயிர் கவர்வனவாதலின், வைத்தியர் இவற்றை மகிழ்ந்தேற்றனர். இவை ஒரு மணி நேரமளவில் நடுக்கந் தணிப்பன. எனினும் தூக்கக்கலக்கமும் மறதியும் உண்டாம்; முதியோர் தடுமாறி விழுதலுமுண்டு. சில வாரந் தொடர்ந்துண்ணின் உடம்பு அவற்றிற்குப் பழகிவிடும். சடுதியாய் நிறுத்தின் வலிப்பும் வரலாம். ஆதலின் இக்காலத்தார் செரட்டோனினைச் சார்ந்து தொழிற்படும் வேறு குளிசைகளையே முதலிற் கொடுப்பர். அவற்றின் நன்மை தோன்றச் சில வாரஞ் செல்லும். குமட்டலும் உறக்கமின்மையுமோ முதல் வாரத்திலேயே வந்து நிற்கும். அவ்வாரத்தில் நிறுப்பவனுக்குத் தராசு பொய்யே சொல்லும். காம உணர்ச்சி குன்றுதலும் அவற்றாலுண்டு. அதனைச் சொல்ல நாணி, வைத்தியருக்கும் அறிவியாது மருந்தை நிறுத்துவார் பலர். அந்நாணத்தை வளர்த்தவர் நம்போலியரேயன்றோ?

மருந்தால் வந்த அமைதி தனதன்று என்பாருமுளர். மூக்குக்கண்ணாடியிட்டுக் கற்றவன் கல்வி கண்ணாடியினுடையதென யாருங் கூறார். ஆனால், நடுக்கம் நீங்கும்போதே பிள்ளைகள்மேலுள்ள பரிவும் மழுங்கிற்றாயின், அஃது ஓராசிரியருக்குச் சிறிய இழப்பன்று. அவ்வாறாயிற்றோ என்பதை அவரன்றிப் பிறரறியார். அளவைக் குறைத்தலும், மருந்தை மாற்றுதலும், பேச்சினாற் செய்யும் உளச்சிகிச்சையை நாடுதலும் அவர் வாய்திறந்து சொன்ன பின்னரே வைத்தியராற் கூடும். திருவள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்தில் வைத்தியத்தின் நான்கு உறுப்புக்களை எண்ணுமிடத்து, நோயுற்றவனையே முதற்கண் வைத்தார். உபதேசிக்கும் அயலானுக்கு அங்கே இடமில்லை.

சென்ற ஆண்டு அவ்வாசிரியரைக் கண்டோம். குளிசை உண்கின்றனர், காலையில் வாய் உலர்கின்றதாம், உடம்புஞ் சிறிது பருத்துள்ளது. வீட்டுத் திண்ணையிலே பிள்ளைகள் அறுவருக்குக் கணிதங் கற்பிக்கின்றனர். எப்பொழுது மருந்தை நிறுத்துவீர் என்று கேட்க வாயெடுத்துக் கேளாதொழிந்தோம்.