ஆளுதான் போகணும்

2011 தீபாவளி அக்டோபர் 26, புதன்கிழமை வந்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்கு அது முதல் தீபாவளி. கன்னிவாடிக்குப் போய், எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுத்து, பெரிய மனுஷன் போல உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை இரவே பெங்களூர் கிளம்புகிறேன் என்றதும் அப்பா, "ஞாயித்துக்கெழம வரைக்கும் இருந்துட்டுப் போகலாம்ல தம்பி?" என்றார். "சனி, ஞாயிறு ஆபீஸ் இருக்குப்பா. ரிலீஸ்" என்றேன். ரிலீஸ் என்றால் என்னவென்று அவர் கேட்கவில்லை. மகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பொய். அந்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் மெட்டாலிகா வாசிக்கப்போகிறார்கள். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், லார்ஸ் உல்ரிக், கிர்க் ஹாமெட், ராபர்ட் ட்ருஹீயோ. இதை அப்பாவிடம் சொல்லியிருக்கலாம், அவர் தடுத்திருக்க மாட்டார். டிக்கெட் விலையைக் கேட்டதும் அது எத்தனை நாள் களையெடுப்புக் கூலி என்று அம்மா மனக்கணக்குப் போட்டுவிடுவாள். அந்தக் கணக்கைக் கேட்க எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

மெட்டாலிகாவுக்கு முன்னால் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் அக்காள் வீட்டுக்காரர். மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, சாமி கும்பிடு என்று சுத்துப்பட்டு ஊர்களில் எது நடந்தாலும் மரத்தில் கட்டுகிற குழாய் அவருடையதாக இருக்கும். மாதம் ஒருமுறை பாட்டு லிஸ்ட் எழுதி எடுத்துக்கொண்டு திண்டுக்கல் போவார். கேசட் கடையில் கொடுத்தால் டிடிகே 90இல் பதிந்து தருவார்கள். லீவு நாட்களில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்துக்கொள்வார். ஒருநாள் என் கையைப் பிடித்து ஸ்பீக்கர் பாக்ஸின் மேல் வைத்து, "காதுல மட்டும் கேக்குறவன் பாதிதாண்டா கேக்குறான்" என்றார். உள்ளங்கையில் இளையராஜாவின் பேஸ் கிதார் ஏறியது. எனக்கு வயது ஏழோ எட்டோ. பிறகு நான் எந்த இசையைக் கேட்டபோதும் அந்தக் கைதான் கேட்டது.

இன்ஜினியரிங் ஹாஸ்டலில் மெட்டாலிகா வந்தது. சீனியர் ஒருவரின் ஹார்டு டிஸ்கிலிருந்து, டிசி++ வழியாக, மொத்த டிஸ்கோகிராஃபியும் ஒரே ராத்திரியில். காசு கொடுத்து ஒரு பாட்டுகூட நான் வாங்கியதில்லை. என்னைச் சுற்றியிருந்த யாரும் வாங்கியதில்லை. அரியர் வைத்த செமஸ்டரில் ‘ஃபேட் டு பிளாக்’ கேட்டுத்தான் விடிந்தது என்று சொன்னால் மிகையாகத் தெரியும். ஆனால் அப்படித்தான் விடிந்தது.

இந்தத் திருட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. நான் திருடியது, திருட்டுக்கு எதிராக உலகிலேயே அதிகம் சத்தம் போட்ட பேண்டிடமிருந்து. ஏப்ரல் 2000இல் மெட்டாலிகா நாப்ஸ்டர் மீது வழக்குப் போட்டார்கள். அடுத்த மாதம் உல்ரிக், தங்கள் பாட்டுகளைப் பகிர்ந்த 3 லட்சத்துக்கும் அதிகமான பயனர்களின் பட்டியலைப் பெட்டி பெட்டியாக நாப்ஸ்டர் அலுவலகத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். ரசிகர்களையே போலீஸில் பிடித்துக்கொடுப்பது போல இருந்தது அது. இணையம் முழுக்க அவரைக் கேலி செய்தார்கள். இதே பேண்ட் 1982இல் பதிந்த டெமோ கேசட், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நகலாகிப் போய்த்தான் அவர்களுக்கு முதல் ரசிகர்கள் கிடைத்தார்கள் என்பது கேலிக்கு இன்னும் வசதியாகப் போனது.

நானும் அந்தக் கேலியில் சேர்ந்தவன்தான். வேலைக்குப் போன பிறகு கொஞ்சம் மாறினேன். அந்த வழக்கின் ஆரம்பம் ‘ஐ டிஸப்பியர்’ என்ற பாட்டு. ‘மிஷன் இம்பாசிபிள் 2’ படத்துக்காக எழுதியது. அது முடிவதற்கு முன்பே, அரைகுறை வடிவத்தில், அமெரிக்க வானொலிகளில் ஒலிக்க ஆரம்பித்துவிட்டது. தேடிப் போனால் ஊற்று நாப்ஸ்டரில் இருந்தது. நான் பாதி எழுதிவைத்த கோடை யாரோ எடுத்து புரொடக்‌ஷனில் போட்டு, அதன் மேல் என் பெயரையும் எழுதினால் எனக்கு எப்படி இருக்கும்? இதில் காசுக்கு முன்னால் வேறொன்று வருகிறது. ‘இது தயார்’ என்று சொல்கிற உரிமை செய்தவனுடையது. 2017இல் இளையராஜா, தன் பாட்டுகளை மேடையில் பாடுவது குறித்து எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது நம் ஊரில் எழுந்த கோபமும் இதே வகைதான். நாம் நேசிக்கிற ஒன்றுக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான் என்பதை அவனே வந்து ஞாபகப்படுத்தினால் நமக்குப் பிடிப்பதில்லை. வள்ளுவர் ஒப்புரவைச் சொல்ல மழையைக் கொண்டுவருகிறார். நாம் கலைஞர்களையும் மழையாகவே வைத்துக்கொள்ள விரும்புகிறோம். ஆனால் மழை வழக்குப் போடாது. மெட்டாலிகா போட்டது.

ஆக, டிக்கெட் வாங்கியபோது என் மனதில் இருந்த கணக்கு எளிமையானது. இத்தனை வருடம் திருடிக் கேட்டாகிவிட்டது, இதோ கொடுத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் மொய் நோட்டு என்று ஒன்று உண்டு. உன் வீட்டுக் கல்யாணத்தில் யார் எவ்வளவு வைத்தார்கள் என்று எழுதி, அவர்கள் வீட்டு விசேஷத்தில் கூட்டிக் கொடுத்துக் கழிக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தெருவில் மூஞ்சி பார்க்க முடியாது. நான் மெட்டாலிகாவுக்கு மொய் செய்யப் போனேன்.

சனிக்கிழமை காலை பெங்களூரில் இறங்கும்போதே கெட்ட செய்தி. வெள்ளிக்கிழமை குர்கானில் நடக்கவேண்டிய நிகழ்ச்சி பாதுகாப்புக் காரணத்தால் நின்றுபோய், கோபத்தில் கூட்டம் மேடையை உடைத்திருக்கிறது. இங்கேயும் நின்றுவிடுமோ என்று நாள் முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை ஆறரைக்கு அது அடித்தது. அப்பா.

"மாமா தவறிட்டாருப்பா. நெஞ்சு வலின்னு சொல்லியிருக்காரு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. சாயந்திரம் நாலு மணிக்கு மேலதான் எடுக்குறாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, அவரே சொன்னார். "உனக்கு ஆபீஸ் இருக்குல்ல. பரவால்ல, கருமாதிக்கு வா."

பெங்களூரிலிருந்து திண்டுக்கல் எட்டு மணி நேரம். ஏழு மணிக்கு பஸ் ஏறியிருந்தால், எடுப்பதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். இதை அன்று நான் கணக்குப் போட்டேன். போட்டுவிட்டு, "சரிப்பா" என்றேன்.

முந்தாநாள் சொன்ன பொய் எனக்கு முன்னால் நின்று கதவைத் திறந்துவிட்டது. புதிதாக ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்திருந்தால் கிளம்பியிருப்பேன் என்று நினைக்கிறேன். என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள இப்படி நினைக்கிறேனோ என்றும் சந்தேகம் இருக்கிறது.

மாலை பேலஸ் கிரவுண்ட்ஸில் நின்றேன். மெட்டாலிகா இந்தியாவில் முதன்முறையாக மேடையேறியதை எழுதாத ஆளில்லை, அதனால் எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். முதல் அடியில் பேஸ் டிரம் நெஞ்செலும்பில் விழுந்தது. காதுக்கு முன்னால் உடம்பு கேட்டது. அந்த வினாடி மாமாவின் ஸ்பீக்கர் பாக்ஸ் ஞாபகத்துக்கு வந்தது. மணி பார்த்தேன். எடுத்திருப்பார்கள்.

‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ வந்தபோது நடுவில் வரும் கிதார் மெட்டைக் கூட்டமே பாடியது. வார்த்தையே இல்லாத மெட்டு. ஆயிரமாயிரம் பேர் ஒரு சுரம் பிசகாமல். திரும்பிப் பார்த்தேன், எல்லாம் என்னைப் போன்ற முகங்கள். இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் ஆல்பத்தைக் கடையில் வாங்கியிருப்பார்கள்? திருடர்கள் எல்லோரும் சேர்ந்து, களவு கொடுத்தவர்களுக்கே அவர்கள் பாட்டைப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தோம். களவு போயிருக்காவிட்டால் இவர்கள் இங்கே வந்திருக்கவே மாட்டார்கள் என்று பக்கத்திலிருந்த நண்பன் பின்னாளில் வாதிட்டான். உண்மையாக இருக்கலாம். அதற்காக நாங்கள் செய்தது சரியாகிவிடாது. நாங்கள் நகலெடுத்தபோது அவர்களை இந்தியாவுக்கு வரவழைக்கும் திட்டம் எங்கள் யாருக்கும் இல்லை. நல்லது பின்னால் தானாக வந்தது. அதைப் பெருமையாக நம் கணக்கில் எழுதிக்கொள்வது இரண்டாவது திருட்டு.

ஆனால் அந்த மைதானத்தில் எனக்குத் தெளிவான விஷயம் வேறு. டிக்கெட் காசுக்கு அங்கே மதிப்பே இல்லை. நான் கொடுத்தது அன்றைய இரண்டு மணி நேரத்துக்கான விலை. ஹாஸ்டலின் அந்த ராத்திரிகளுக்கு அது ஒரு பைசாவும் கட்டவில்லை, கட்டவும் முடியாது. அப்படியென்றால் எதற்கு வந்தேன்? கேட்பதற்கு என்றால் அறையில் இதைவிடத் துல்லியமாகக் கேட்கலாம். நேரில் பார்க்கிற கலைக்கு ஓர் ஒளிவட்டம் இருக்கிறது என்று வால்டர் பெஞ்சமினை இங்கே இழுத்து வருவது நம் கட்டுரைகளில் ஒரு சடங்கு. நான் நின்ற இடத்திலிருந்து ஹெட்ஃபீல்ட் கட்டைவிரல் அளவுதான் தெரிந்தார். பாதி நேரம் திரையைத்தான் பார்த்தேன். ஒளிவட்டம் எதுவும் அகப்படவில்லை.

அப்பா அடிக்கடி சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு. "கல்யாணத்துக்குப் போக முடியலேன்னா மொய்யக் குடுத்து அனுப்பிச்சிறலாம். கேதத்துக்கு ஆளுதான் போகணும்." எங்கள் ஊரில் கேதத்துக்குப் போகிறவர்கள் பெரிதாக எதுவும் செய்வதில்லை. மாலை போடுவார்கள், வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்காருவார்கள், டீ குடிப்பார்கள், எடுக்கும்போது எழுந்து நிற்பார்கள். செத்தவருக்கு அது தெரியப்போவதில்லை. இருந்தும் நேரில் வராதவனை ஊர் மறப்பதில்லை. இந்த மனுஷனிடமிருந்து எனக்கு ஏதோ வந்திருக்கிறது, அதைத் திருப்பித்தர வழியில்லை, அதனால் வந்து நிற்கிறேன். அந்த நிற்பதற்கு அர்த்தம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பேலஸ் கிரவுண்ட்ஸில் நாங்கள் செய்ததும் அதேதான். மேடையிலிருந்த நான்கு பேருக்கும் என்னைத் தெரியாது, தெரியவும் போவதில்லை. கழிக்க முடியாத கடனுக்கு உடம்பைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ரசிகன் நேரில் போவதை இதைவிட மரியாதையாக விளக்க எனக்குத் தெரியவில்லை. அதே நாளில், அதே மாதிரி நான் போய் நின்றிருக்க வேண்டிய இன்னோர் இடம் இருந்தது. அங்கே என்னைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அங்கே ஆள் குறைந்தது தெரிந்திருக்கும்.

எது பெரிய கடன் என்று இத்தனை வருடத்தில் பலமுறை எடை போட்டிருக்கிறேன். ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ ஒலித்தபோது அழுதேன். யாருக்காக அழுதேன் என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் கண்ணீரை மாமாவுக்கு எழுதிக்கொண்டால் குற்றம் கொஞ்சம் குறையும். அதனாலேயே எழுதிக்கொள்ளத் தயங்குகிறேன். அவருக்கு வேண்டியிருந்தது கண்ணீர் இல்லை, நாலு மணிக்கு வாசலில் ஒரு ஆள்.

கருமாதிக்குப் போனேன். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. "வேல எப்படிப்பா இருக்கு?" என்றுதான் விசாரித்தாள். ஆம்ப்ளிஃபயரும் குழாய்களும் திண்ணையில் சாக்குப் போட்டு மூடியிருந்தன. யாரோ விலைக்குக் கேட்டிருக்கிறார்களாம்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஒன்பது வருடம் ஆனது. லாக்டவுனில் ஊருக்கு வந்து வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில், ஒரு ராத்திரி மொட்டைமாடியில் சொன்னேன். ரிலீஸ் எதுவும் இல்லை, கச்சேரிக்குப் போனேன், கிளம்பியிருந்தால் மாமாவைப் பார்த்திருக்கலாம் என்று எல்லாவற்றையும். அப்பா ரொம்ப நேரம் மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"கூட்டமா?" என்றார்.

"ஆமாப்பா. ஏகப்பட்ட கூட்டம்."

"மைக் செட்டு எப்படி இருந்துச்சு?"

நன்றாக இருந்தது என்றேன்.

"எத்தன பாக்ஸ் வச்சிருந்தாங்க? மச்சான் இருந்தா மொதல்ல அதத்தான் கேட்டிருப்பாரு."

எண்ணவில்லை என்றேன்.